காய்ச்சல் மரமும் நாம் பட்ட கடனும்

கொயினா என்றாலே நாவில் கசப்பூறும் முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். மலேரியாச் சுரம் ஊர் ஊராக வாட்டிய நாள்களில் எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. அம்மருந்துக்கு மூலமான மரப்பட்டை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் 'இயேசு சபையார் பட்டை' என வழங்கப்பட்டது. அப்பெயரில் நம் திருச்சபையின் வரலாறு இருக்கிறது. அப்பெயரால் மறைந்துபோன மலைமக்களின் வரலாறும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நினைவுகூர்வதே நேர்மை.

சின்கோனா எனப்படும் அம்மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளுக்கு உரியது. பெருவில் வாழ்ந்த அகுஸ்தீன் சபைத் துறவி அந்தோனியோ தெ லா கலஞ்சா, 1630களில் எழுதிய வரலாற்று நூலில், லோஹா பகுதியில் 'காய்ச்சல் மரம்' ஒன்று உண்டு என்றும், இலவங்கப்பட்டையின் நிறங்கொண்ட அதன் பட்டையைப் பொடித்துப் பருகக் கொடுத்தால் சுரம் நீங்குகிறது என்றும் குறித்தார். லோஹா இன்றைய எக்குவடோர் நாட்டின் தென்பகுதியில் உள்ளது. கொயினா என்ற சொல்லின் வேரான 'கினா'வும், பட்டையைக் குறிக்கும் அம்மலைமக்களின் கெச்சுவா மொழிச் சொல்லே. மலேரியாவின் கொடிய வகையோ, அடிமை வாணிபத்தின் கப்பல்களோடு அக்கண்டத்தில் நுழைந்தது. நோயை அயலார் கொண்டுவந்தனர்; மருந்தை அம்மலைக்காடு தந்தது.

லீமா நகரில் இயேசு சபையினரின் புனித பவுல் கல்லூரியில் மருந்தகம் நடத்தியவர் அருட்சகோதரர் அகுஸ்தீனோ சலும்பிரீனோ. அவர் வழியாகப் பட்டை உரோமை சென்றது. சதுப்பு நிலங்கள் சூழ்ந்த அந்நகரில் சுரம் எவரையும் விடவில்லை. 1623இல் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கர்தினால்களும் அதற்கு இரையாயினர். பின்னாளில் இயேசு சபை இறையியலாரான கர்தினால் ஹுவான் தெ லூகோ, தம் செலவில் பட்டையை வாங்கி ஏழை நோயாளருக்கு வழங்கச் செய்தார். இது நாம் நன்றியோடு நினைக்கத்தக்க இரக்கச் செயல்.

ஆயினும் பெயர்சூட்டலில் நீதி நிகழவில்லை. பெரு நாட்டு ஆளுநரின் துணைவியாரான சின்சோன் சீமாட்டி இப்பட்டையால் குணமடைந்தார் என்ற கதையை நம்பி, 1742இல் லின்னேயஸ் அம்மரத்துக்குச் சின்கோனா எனப் பெயரிட்டார். அக்கதைக்குச் சான்றில்லை எனப் பிற்கால ஆய்வு காட்டிவிட்டது. மரத்தை அறிந்திருந்த மலைவாசி ஒருவரின் பெயரேனும் அதில் இடம்பெறவில்லை.

1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்த்தியேயும் காவந்துவும் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் பேரரசுகள் அம்மரத்தை நாடின. 1860இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தலைமையில் நடந்த முயற்சியின் பயனாக விதைகளும் நாற்றுகளும் நம் நீலகிரிக்கு வந்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளும் வேலை வாங்கப்பட்டனர். வால்பாறை மலையில் ஓர் ஊர் இன்றும் சின்கோனா என்றே அழைக்கப்படுகிறது.

பொலிவியாவில் மனுவேல் இன்க்ரா மமானி என்னும் பழங்குடி மனிதர், எம்மரத்தில் கொயினா மிகுதி என்பதை அறிந்தவர். பனியால் விதைகள் பாழாகிய ஆண்டுகளில் பொறுத்திருந்து, நல்ல விதைகளைத் திரட்டி, ஆங்கில வணிகர் சார்லஸ் லெட்ஜரிடம் சேர்த்தார். 1865இல் அவ்விதைகளில் ஒரு பகுதியை டச்சு அரசு வாங்கியது. அவற்றிலிருந்து ஜாவாத் தீவில் வளர்ந்த தோட்டங்களே பின்னர் உலகின் கொயினாத் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்தன. மீண்டும் விதை திரட்டிய மமானியோ 1871இல் சிறைப்பட்டு, அடியுண்டு, சில நாள்களில் இறந்தார். அம்மரவகைக்கு லெட்ஜரின் பெயர் நிலைத்தது.

நம் பொதிகை மலையிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. 1987இல் காணி மக்கள் களைப்பின்றி மலையேற ஒரு செடியின் பழத்தை உண்பதை ஆய்வாளர் கண்டனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. காணி மூப்பர் சிலர் தம் அறிவு விற்கப்படுவதை எதிர்த்தனர். எனினும் கடன் உண்டு என்பதேனும் ஏற்கப்பட்டது.

மண்ணில் மருந்தை வைத்தவர் இறைவனே என்பது சீராக்கின் ஞானம் நமக்குக் கற்பிக்கும் பாடம். அம்மருந்தைக் கண்டறிந்து தலைமுறைகளாகக் காத்தவர்கள் அவர்தம் பிள்ளைகளே. பழங்குடி மக்களின் நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களில் அவர்களோடு உரையாடுவதே முதற்கடமை எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா, உமக்கே புகழ்' மடலில் வலியுறுத்தினார். நோயுற்றோருக்கு மருந்தளிப்பது இரக்கம். மருந்தை அறிவித்தவருக்கு உரியதைக் கொடுப்பது நீதி. ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவிட நமக்கு உரிமையில்லை.