பெயரில் ஆறு ஆச்சரியக்குறிகள்: ஒரு இத்தாலிய ஒயினின் கதை

ஒரு மதுவின் பெயரில் ஆறு ஆச்சரியக்குறி இருக்குமா? இத்தாலியில் இருக்கிறது. "எஸ்ட்! எஸ்ட்!! எஸ்ட்!!!" எண்ணிப் பாருங்கள், சரியாக ஆறு வரும். "எஸ்ட்" என்றால் லத்தீனில் "இருக்கிறது" என்று பொருள்.

ரோமுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், போல்சேனா என்ற எரிமலை ஏரியைப் பார்த்தபடி ஒரு குன்றின் மேல் இருக்கிறது மோன்டெஃபியாஸ்கோனே என்ற சிற்றூர். இந்த வெள்ளை ஒயினின் சொந்த ஊர் அதுதான்.

முதலில் எல்லோரும் சொல்லும் கதை. 1111-ம் ஆண்டு ஜெர்மன் அரசர் ஐந்தாம் ஹென்றி முடிசூட்டிக்கொள்ள ரோமுக்குப் புறப்பட்டார். கூடப் போனவர்களில் யோஹன்னஸ் டெஃபுக் என்ற பிஷப்பும் ஒருவர். நல்ல ஒயின் என்றால் அவருக்கு உயிர். அதனால் மார்ட்டின் என்ற வேலைக்காரனை முன்னால் அனுப்பினார். எந்தச் சத்திரத்தில் நல்ல ஒயின் கிடைக்கிறதோ அதன் கதவில் "எஸ்ட்" என்று எழுத வேண்டும் என்பது உத்தரவு. மோன்டெஃபியாஸ்கோனேவில் குடித்துப் பார்த்த மார்ட்டின், ஒரு தடவை எழுதினால் போதாது என்று மூன்று தடவை எழுதிவிட்டான். பிஷப் அந்த ஊரிலேயே தங்கி, குடித்தே செத்துப்போனாராம்.

நல்ல கதைதான். ஆனால் எவ்வளவு உண்மை?

அந்த ஊரின் சான் ஃபிளாவியானோ கோயிலில் யோஹன்னஸின் கல்லறைக் கல் இன்றும் இருக்கிறது. "எஸ்ட்" மிதமிஞ்சிப் போனதால் என் எஜமான் இறந்தார் என்கிற கருத்தில் அதில் எழுத்தும் உண்டு. சிலர் இவரைப் புகழ்பெற்ற வணிகக் குடும்பமான ஃபுக்கர் வம்சத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. அந்தக் குடும்பத்தின் மூதாதை ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு வந்ததே 1367-ல்தான்!

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தப் பயணத்தில் நடந்த பெரிய விஷயம் இந்தக் கதையில் இல்லவே இல்லை. பிஷப்புகளை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு, அரசருக்கா போப்புக்கா என்பது அன்றைய பெரிய சண்டை. 1111 பிப்ரவரியில் ஒரு சமரசம் எழுதினார்கள். அரசர் நியமன உரிமையை விடுவார், பிஷப்புகள் அரசு கொடுத்த நிலங்களையும் உரிமைகளையும் திருப்பித் தருவார்கள். இதை பீட்டர் பேராலயத்தில் வாசித்ததும் ஒரே கலவரம். ஹென்றி போப் இரண்டாம் பாஸ்கலையே சிறைபிடித்தார். இரண்டு மாதம் கழித்து போப் பணிந்துபோக, ஏப்ரல் 13-ல் முடிசூட்டு விழா நடந்தது. இந்த வன்முறை நம் ஞாபகத்தில் தங்கவில்லை, குடித்துச் செத்த பிஷப் தங்கிவிட்டார்.

சரி, ஒயினுக்கு வருவோம். இது ஒரே திராட்சையில் செய்வதல்ல, கலவை. டிரெபியானோ புளிப்பைத் தரும், ஆனால் மணம் குறைவு. அந்தக் குறையை மால்வாசியா தீர்க்கிறது. உள்ளூரில் ரொசெத்தோ எனப்படும் மஞ்சள் டிரெபியானோ கொஞ்சம் கனம் சேர்க்கிறது. 1966-ல் இத்தாலிய அரசு இதற்கு டிஓசி என்ற பாதுகாக்கப்பட்ட பெயரைக் கொடுத்தது.

லேசான ஒயின் என்பதால் சாப்பாடும் லேசாக இருக்க வேண்டும். ஏரியில் பிடிக்கும் கோரெகோனே மீனைச் சுட்டோ பொரித்தோ சாப்பிடலாம். ஏரி மீன் போட்ட "ஸ்ப்ரோஷா" சூப்பும் பொருந்தும். பொரித்த மீன் மேல் பிழியும் எலுமிச்சை செய்கிற வேலையை இதன் புளிப்பு செய்கிறது, எண்ணெய்ப் பிசுக்கை அறுத்துவிடும். மசாலா தூக்கலான மாட்டுக்கறியோடு வைத்தால் ஒயின் இருப்பதே தெரியாது.

அந்த ஏரியில் விலாங்கு மீனும் பிரபலம். 1281 முதல் 1285 வரை போப்பாக இருந்த நான்காம் மார்ட்டினுக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை. வெர்னாச்சா என்ற வேறொரு வெள்ளை ஒயினோடு விலாங்கு தின்ற பாவத்துக்காக, தாந்தே தன் காவியத்தில் அவரைப் பெருந்தீனிக்காரர்களோடு பட்டினி போட்டுவிட்டார்!

பெயர் பெரிது, ஒயின் சுமார் என்று விமர்சகர்கள் பல காலம் இதைக் கிண்டலடித்தார்கள். வெறும் கதையை வைத்தே விற்க முடிந்தால் தரத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அண்மைக் காலத்தில் சிலர் ரொசெத்தோவைக் கவனமாக வளர்த்து அந்தப் பழியைத் துடைக்கப் பார்க்கிறார்கள்.

மார்ட்டின் கதவில் எழுதினானோ இல்லையோ, கதையை ரசிப்பதில் தப்பில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு, அதே 1111-ல் சிறையில் கிடந்த போப்பையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.