கணக்கு நோட்டில் ஒரு கறுப்புக் கட்டம்

நாடகம்னா எல்லாரும் மேடையைத்தான் பார்ப்பாங்க. எனக்கு எப்பவும் ஒரு குறுகுறுப்பு: திரைக்குப் பின்னாடி காசை எப்படிப் பிரிச்சிருப்பாங்க? பாரீசில் இருக்கிற கொமெதி பிரான்சேஸ் நாடகக் குழுவோட கதை இதுக்கு நல்ல தீனி.

மோலியேர் குழுவில் லா கிராஞ்ச்னு ஒரு நடிகர். 1659-ல் சேர்ந்தவர். மேடையில் காதலன் வேஷம், பின்னாடி கணக்குப்பிள்ளை வேலை. அன்னிக்கு என்ன நாடகம், எவ்வளவு வசூல், தன் பங்கு எவ்வளவு, எல்லாத்தையும் நோட்டில் எழுதி வச்சார்.

1673 பிப்ரவரி 17. 'கற்பனை நோயாளி' நாடகம் நாலாவது தடவையா நடக்குது. நோயாளியா நடிச்ச மோலியேருக்கு நிஜமாவே உடம்பு முடியலை. முழுசா நடிச்சு முடிச்சுட்டு வீட்டுக்குப் போனவர் அன்னிக்கு ராத்திரியே போய்ச் சேர்ந்துட்டார். நடிகர்ங்கிறதால முறைப்படி அடக்கம் பண்ணக்கூட இடம் கிடைக்கலை. விஷயம் பதினாலாம் லூயி வரைக்கும் போய், கடைசியில் இருட்டில்தான் புதைச்சாங்க. லா கிராஞ்ச் தன் நோட்டில் அந்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சாய்சதுரம் வரைஞ்சார்.

ஒரே வாரத்தில் மறுபடி நாடகம் போட்டாங்க. கல்நெஞ்சம்னு நினைக்காதீங்க. அவங்க சம்பளக்காரங்க இல்லை, பங்காளிங்க. வசூல் இல்லேன்னா அடுப்பு எரியாது.

அப்புறம் அரங்கம் லூலிங்கிற இசைக்காரர் கைக்குப் போச்சு. நாலு பேர் போட்டிக் குழுவுக்குத் தாவினாங்க. மிச்சம் இருந்தவங்க மாரே குழுவோட சேர்ந்து தாக்குப்பிடிச்சாங்க. 1680-ல் ராஜா அந்தப் போட்டிக் குழுவையும் இவங்களோட இணைச்சார். அதுதான் கொமெதி பிரான்சேஸ்.

அந்தப் பங்கு முறை இன்னிக்கும் இருக்கு. புதுசா வர்றவங்க முதல்ல சம்பளத்துக்கு நடிக்கணும். சக நடிகர்கள் தேர்ந்தெடுத்தாதான் பங்குதாரர் ஆகலாம். பங்கைப் பன்னிரண்டில் ஒரு பாகம், ரெண்டு பாகம்னு பிரிக்கறாங்க. 1812-ல் நெப்போலியன் மாஸ்கோவில் இருந்தபடியே கையெழுத்துப் போட்ட ஆணையும் இந்த முறையை உறுதிப்படுத்துச்சு. சின்னம் தேன்கூடு; 'சேர்ந்தும் தனித்தனியாகவும்'ங்கிறது குறிக்கோள்.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. யார் இருக்கணும், யார் போகணும்னு வருசக் கடைசியில் முடிவு பண்றதும் நடிகர்கள் உட்கார்ற குழுதான். நேத்து மேடையில் கட்டிப்பிடிச்சு அழுதவங்களே இன்னிக்கு ஓட்டுப் போட்டு அனுப்பலாம்.

முதலாளி துரத்தினா அவரைத் திட்டிட்டுப் போயிடலாம். கூட நடிச்சவன் துரத்தினா? முந்நூத்துச் சொச்சம் வருசமா அந்தக் கஷ்டத்தையும் சேர்த்துத்தான் பங்கு போட்டுக்கறாங்க. எனக்கென்னவோ நாடகம் எழுதினவரை விட அந்த நோட்டு எழுதினவர் மேலதான் மரியாதை கூடுது. உங்களுக்கு எப்படி?