கர்ப்பிணிகளுக்கு வரும் இலவச போன் கால்: பாதியில் விடுபவர்களில் யாரைத் திரும்ப அழைப்பது? ஏ.ஐ முடிவு செய்வது எப்படி?

கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிடணும், குழந்தைக்கு எப்போது தடுப்பூசி போடணும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்... இதையெல்லாம் பதிவு செய்த குரலில் சொல்லும் இலவச போன் சேவைகள் இந்தியாவில் உள்ளன. ஆனால், ஆர்வமாகக் கேட்கத் தொடங்கும் பெண்களில் பலர் போகப் போக காலை எடுப்பதே இல்லை. இந்தச் சிக்கலை ஆய்வு செய்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மிலிந்த் தாம்பே.

எம்மித்ரா என்றால் என்ன?

மும்பையில் டாக்டர் அபர்ணா ஹெக்டே 2008-ல் தொடங்கிய 'அர்மான்' தொண்டு நிறுவனத்தின் திட்டம் இது. பதிவு செய்த கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் அவர்களது மொழியிலேயே கால் வரும். இன்டர்நெட் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். சாதாரண பட்டன் போன் போதும்.

ஏன் கேட்பதை நிறுத்துகிறார்கள்?

காரணங்கள் சாதாரணமானவைதான். கால் வரும் நேரத்தில் வேலையில் இருப்பார்கள். வீட்டில் ஒரே போன், அதுவும் கணவரிடம் இருக்கும். சிலருக்கு நம்பரே மாறியிருக்கும். ஊழியர் ஒருவர் நேரடியாக போன் செய்து பேசினால் சிலர் திரும்பக் கேட்கத் தொடங்குவார்கள். ஆனால், பதிவு செய்தவர்கள் பல ஆயிரம் பேர். போன் செய்ய இருக்கும் ஊழியர்களோ சிலர். எல்லோரையும் அழைக்க முடியாது.

அப்போ யாரை அழைப்பது?

இங்கேதான் ஏ.ஐ வருகிறது. உதாரணத்துக்கு மூன்று பெண்களை எடுத்துக்கொள்வோம். முதல் பெண், யாரும் சொல்லாமலே தொடர்ந்து கேட்கிறார். இரண்டாவது பெண்ணிடம் போனே இருப்பதில்லை, எத்தனை முறை அழைத்தாலும் பலன் குறைவு. மூன்றாவது பெண் விட்டுவிடும் நிலையில் இருக்கிறார், ஒருமுறை பேசினால் தொடர்வார். ஊழியரின் நேரத்தை யாருக்குச் செலவிட்டால் பலன் அதிகம்? மூன்றாவது பெண்ணுக்குத்தான்.

வயது, படிப்பு, வருமானம், போன் யாருடையது, முன்பு எத்தனை கால்களைக் கேட்டார் போன்ற தகவல்களை வைத்து, 'அழைத்தால் என்ன ஆகும், அழைக்காவிட்டால் என்ன ஆகும்' என்று கணினி கணிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் உள்ளவர்கள் பட்டியலில் மேலே வருவார்கள். சாதி, மத விவரங்கள் சேகரிக்கப்படுவதில்லை. பட்டியல் தருவதோடு ஏ.ஐ-யின் வேலை முடிந்தது. தாய்மார்களிடம் பேசுவது மனிதர்கள்தான்.

பலன் கிடைத்ததா?

2021-ல் 23,003 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து 7 வாரம் சோதித்தார்கள். முதல் குழுவில் ஏ.ஐ சொன்னவர்களை ஊழியர்கள் அழைத்தார்கள். இரண்டாவது குழுவில் வரிசைப்படி அழைத்தார்கள். மூன்றாவது குழுவை ஊழியர்களாக அழைக்கவில்லை. ஒரு காலை 30 வினாடிக்கு மேல் கேட்டால்தான் 'கேட்டதாக' கணக்கு.

ஏ.ஐ குழுவில், கேட்பதை நிறுத்துவது சுமார் 30% குறைந்தது. ஆச்சரியம் என்னவென்றால், வரிசைப்படி அழைத்த குழுவுக்கும் அழைக்கவே செய்யாத குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதாவது, சும்மா அழைத்தால் மட்டும் போதாது, யாரை அழைக்கிறோம் என்பதுதான் முக்கியம். 2022 ஏப்ரலில் இந்த முறை 'சஹேலி' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது.

கேட்டால் மட்டும் போதுமா?

இதுதான் அடுத்த பெரிய கேள்வி. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் தொடங்கிய 'கில்காரி' திட்டமும் இதேபோல வாரம் ஒரு கால் அனுப்புகிறது. ஆய்வாளர் ஆம்னஸ்டி லெஃபெவ்ர் குழுவினர் மத்தியப் பிரதேசத்தில் 4 மாவட்டங்களில் 5,095 கர்ப்பிணிகளிடம் அதைச் சோதித்தார்கள். தற்காலிக கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவது ஓரளவு கூடியது. ஆனால், தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் வழக்கத்தில் குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை.

காரணம் எளிது. தகவல் காதில் விழுவது வேறு, அதை வீட்டில் செயல்படுத்துவது வேறு. மாமியார், கணவர், வேலை நேரம், மருத்துவமனை இருக்கும் தூரம் என பல விஷயங்கள் நடுவில் இருக்கின்றன. 'இத்தனை லட்சம் பேருக்கு கால் போனது' என்ற கணக்கு மட்டும் ஒரு திட்டத்தின் வெற்றியைச் சொல்லிவிடாது.

கவனிக்க வேண்டியது

இதுபோன்ற சேவைகளில் பதியும்போது, கர்ப்பிணியின் கையில் இருக்கும் போன் நம்பரையே கொடுப்பது நல்லது. நேரத்தைத் தேர்வு செய்யும் வசதி இருந்தால், அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தைச் சொல்லலாம். போனில் வருவது பொதுவான ஆலோசனை மட்டுமே. மாதாந்திர பரிசோதனைக்கு அது மாற்று ஆகாது.