பாலை மீண்டும் முல்லையாகுமா?
ஆரோவில் மேட்டுநிலம் சொல்லும் வரலாறு

தொல்காப்பியர் சொன்னது நானிலம்தான். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் நிலம் உண்டு. பாலைக்குத் தனியாக நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை விளக்குகிறது. நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்த செய்திதான் இது. ஆனால் இதற்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. கெட்டுப்போய்ப் பாலையான நிலம் திரும்பவும் முல்லையாகுமா? இதற்கு விடை சொல்லும் நிலம் ஒன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

நீலசந்திராவிலே குடியிருக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த ஊர்ப்பெயரின் கடைசியில் வரும் 'சந்திரா', சமுத்திரம் என்பதன் திரிபு என்பார்கள். அதாவது பெரிய ஏரி. இன்று ஏரியைத் தேடினால் கட்டடம்தான் தெரியும். பக்கத்து அக்கித்திம்மனஹள்ளி ஏரி இருந்த இடத்திலே ஹாக்கி ஸ்டேடியம் நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இங்கே இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆற்காட்டுப் பக்கத்திலோ, தருமபுரிப் பக்கத்திலோ ஒன்றிரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இன்னும் இருக்கிறது. சீமைக்கருவேல் மண்டித் தரிசாகக் கிடக்கிறது. "அது செத்த மண்ணுப்பா, வந்த விலைக்குத் தள்ளிடலாம்" என்று பேசிக்கொள்கிறோம். அது உண்மையிலேயே செத்த மண்தானா?

கல்லான மேடு

புதுச்சேரிக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி ஒரு செம்மண் மேடு. குயிலாப்பாளையம், கோட்டக்கரை, எடையன்சாவடி, இரும்பை எல்லாம் அதைச் சுற்றியுள்ள கிராமங்கள். ஒரு காலத்திலே அங்கே காடு இருந்தது. வயலுக்காகவும் விறகுக்காகவும் அது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது. மீந்த மேட்டில் மழைக்காலத்து மானாவாரிப் பயிர். அறுவடை முடிந்தால் ஆடு மாடு மேய்ச்சல். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைத் தடுக்க மரமும் இல்லை, வரப்பும் இல்லை. மேல்மண் கரைந்து ஓடிப் பள்ளத்தாக்குகளாக அறுத்துக்கொண்டு கடலில் கலந்தது. கடல்நீரே சிவந்து தெரிந்ததாம்.

இரும்பை மாகாளேசுவரர் கோயிலிலே வழங்கும் கதை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கடுவெளிச் சித்தரின் தவத்தைக் கலைக்க அரசன் ஓர் ஆடல்மகளை அனுப்பினான். பின்னர் அவள் ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்து மாட்டிவிட, சபை சிரித்தது. அவர் சினந்ததில் லிங்கம் வெடித்தது, நாடு வறண்டது. தூர தேசத்து மக்கள் வந்து மறுபடி பசுமையாக்குவார்கள் என்ற பின்பகுதியும் உண்டு. அந்தப் பின்பகுதி பிற்காலத்தில் சேர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் முன்பகுதியை ஒதுக்க முடியாது. தங்கள் மண் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்ற நினைவு இல்லாவிட்டால், ஊர்மக்களுக்கு ஒரு சாபக்கதை தேவைப்பட்டிருக்குமா?

முதலில் நீர், பிறகு மரம்

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. புதுவை அன்னையின் திட்டம் ஒரு நகரம்தான், காடு அல்ல. ஆனால் அங்கே குடியேறியவர்களுக்கு நிழல் இல்லை. நட்ட கன்றுக்கு ஊற்றத் தண்ணீரை மாட்டுவண்டியிலே கொண்டுவர வேண்டியிருந்தது. நாளடைவில் அவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: மரம் நடும் முன்னே மழையை நிறுத்த வேண்டும். நிலச் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டார்கள். ஓடைகளிலே தடுப்பணை கட்டினார்கள். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே இறங்கியது. கரை போடுவது நம் உழவர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல. மண்வெட்டி பிடித்தவர்களிலும் பெரும்பகுதி சுற்றுக் கிராமத்துத் தமிழர்கள்தான்.

அடுத்து நிழல் வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வேல மரத்தை நிறைய நட்டார்கள். கெட்ட மண்ணிலும் வேகமாக வளரும், மண்ணுக்குத் தழைச்சத்து தரும், இலை உதிர்த்து மூடாக்குப் போடும். ஆரோவில்காரர்கள் அதை 'வேலை மரம்' என்ற பொருளில் அழைக்கிறார்கள், பொருத்தமான பெயர்தான்.

விதை தந்த அய்யனார்

உண்மையான காடு எப்படி இருக்கும் என்று காட்டியது கோயில்தான். கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சினீசுவரர் அய்யனார் கோயிலைச் சுற்றி, வெட்டக் கூடாது என்ற பயபக்தியாலே ஒரு காடு தப்பியிருந்தது. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. வீரை, காயா, கருங்காலி, உலக்கைப்பாலை, காட்டு எலுமிச்சை போன்ற மரங்களின் விதைகளை இத்தகைய கோயிற்காடுகளிலிருந்து சேகரித்து நாற்றாக்கி, வேல மர நிழலிலே நட்டார்கள். 1973இல் ஜாஸ் புரூக்ஸ் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. ஆரோவில் முழுவதும் நட்டவை இருபது லட்சம் மரங்களுக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

பழம் வந்ததும் கொண்டைக்குருவி வந்தது. அது எச்சமிட்ட இடமெல்லாம் புதுக் கன்று முளைத்தது. பிறகு மரநாய், முள்ளம்பன்றி, உடும்பு, நரி. இவற்றை யாரும் கூண்டிலே கொண்டுவந்து விடவில்லை; இடம் இருந்தது, வந்தன.

2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் ஒரு பரீட்சை வைத்தது. வேல மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. உள்நாட்டு மரங்கள் அவ்வளவாக அசையவில்லை. விழுந்த இடத்து வெளிச்சத்திலே அவற்றின் கன்றுகள் மேலே எழும்பின.

காடு யாருடையது?

கதை இங்கே இனிதே முடியவில்லை. வேலி போட்ட நிலம், மேய்ச்சல்காரருக்கு இழந்த நிலம். அன்று மலிவாக விற்ற குடும்பங்களுக்கு இன்றைய விலையைப் பார்த்து மனக்குறை இருக்காதா? உள்ளேயும் தகராறுதான். 2021 டிசம்பரில் நகரத் திட்டத்தின் வட்டச் சாலைக்காக புல்டோசர் வந்து மரங்களைச் சாய்த்தது. 2022 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. கையால் வளர்த்த காட்டுக்கு, அரசு அறிவித்த காப்புக்காட்டின் சட்டக் கவசம் இல்லை. ஐம்பது வருஷம் வளர்த்தாலும் அதைக் காப்பது மனிதர்களின் உடன்பாடு ஒன்றுதான்.

காட்டை அழித்து நாடாக்கிக் குளம் தோண்டிய கரிகாலனைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அன்றைக்குக் காடு மிகுதி, வயல் குறைவு. அந்தப் புகழ் நியாயமே. இன்று நிலைமை தலைகீழ். பிச்சாண்டிக்குளத்தார் துணையோடு சென்னை அடையாற்றிலே 58 ஏக்கர் சீர்கெட்ட நிலம் மீட்கப்பட்டு, 2011இல் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் தொல்காப்பியப் பூங்கா! நமக்கு இன்னும் பக்கத்திலே, தளி வட்டாரத்தில் பெங்களூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் நவதர்ஷனத்தில், மேய்ச்சலையும் தீயையும் தடுத்தே நிலத்தை மீள விட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஊர் நிலத்தை விற்கும் முன் ஒரு மழைக்காலத்திலே போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்து, அங்கே ஒரு கரை போடச் சொல்லுங்கள். பக்கத்து அய்யனார் கோயிலிலே என்ன மரம் நிற்கிறது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். மேய்க்கிறவர்களோடும் பேசி முடிவெடுங்கள். பாலை ஒரு நிலம் அல்ல, ஒரு நிலைமை என்று நம் முன்னோர் எழுதி வைத்திருக்கிறார்கள். நிலைமை என்றால் மாற்றலாம்.