இரவுக் காற்றா, இரவுக் கொசுவா?

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து அந்தியில் எழும் நச்சுக் காற்றே குளிர்காய்ச்சலைத் தருகிறது என்று மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பினர். ஆகவே, "பொழுது சாய்ந்தபின் வெளியே நில்லாதே, சன்னலைச் சாத்து" என்று பெரியவர்கள் எச்சரித்து வந்தனர். சொன்ன காரணம் தவறு. சொன்ன யோசனை தவறன்று!

1897-ல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டே இத்தாலியில் கிராஸி முதலிய அறிஞர்கள், கொசுக்கடியால் மனிதருக்கு நோய் வருவதைக் காட்டினர். ஆயினும் பலருடைய ஐயம் தீரவில்லை. கொசுவும் கடிக்கிறது, காற்றும் வீசுகிறது, குற்றவாளி எது? இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தாலன்றி வழக்கு முடியாது.

பிரிப்பதற்கு லண்டன் மருத்துவர் பாட்ரிக் மான்சன் ஒரு வழி கண்டார். இங்கிலாந்தில் செய்த ஒரு மரக்குடில், ரோம் நகருக்கு அருகே, காய்ச்சலுக்குப் பேர்போன ஆஸ்டியாப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டது. அதன் கதவுகளிலும் சன்னல்களிலும் மெல்லிய கம்பிவலை. 1900-ஆம் ஆண்டுக் கோடையில் சாம்பன், லோ என்னும் இரு மருத்துவர்களும், டெர்சி என்ற ஓவியரும், பணியாளர் இருவரும் அதில் குடியேறினர். பகலெல்லாம் அவர்கள் தாராளமாக ஊர் சுற்றினர். மழையில் நனைந்தனர். கொயினா மாத்திரையைத் தொடவே இல்லை. இரவில் சன்னல்களைத் திறந்தே வைத்தனர். 'கெட்ட காற்று' தடையின்றி உள்ளே வந்தது. ஒரே ஒரு கட்டுப்பாடு: கதிரவன் மறையுமுன் குடிலுக்குள் வந்துவிட வேண்டும், விடிந்த பிறகே வெளியேற வேண்டும்.

சுற்றுப்புறத்தில் பலர் காய்ச்சலில் விழுந்தனர். குடிலில் இருந்த ஐவரில் ஒருவருக்கும் அது வரவில்லை.

இதற்கு நேர்மாறான சோதனையையும் மான்சன் செய்தார். ரோமில் நோயாளியைக் கடித்த கொசுக்களை லண்டனுக்கு வரவழைத்து, மருத்துவ மாணவரான தம் மகனையே கடிக்க விட்டார். சதுப்புக் காற்றே இல்லாத லண்டனில் அவருக்கு மலேரியா வந்தது. துணிச்சல்தான், ஆனால் இக்காலத்தில் எவரும் இதற்கு அனுமதி தரமாட்டார்கள்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். குடிலில் இருந்தவர்களின் உடல் மற்றவர்களுடையதைவிட வலிமையானதன்று. அவர்கள் இரவைக் கழித்த விதம்தான் வேறு. அறுவடைக்காக மலைப்பகுதிகளிலிருந்து இறங்கி வந்த கூலியாட்களோ, வைக்கோல் குடிசையிலோ வெட்டவெளியிலோ படுத்துறங்கினர். அந்தியில் கம்பிவலைக்குள் புகுந்துகொள்ளும் வசதி அவர்களுக்கு ஏது? அதே கோடையில் கிராஸி, தென் இத்தாலியில் இரயில்வேத் தொழிலாளர் குடும்பங்களைக் கம்பிவலை அடித்த வீடுகளில் காத்தபோது, இந்தச் சிக்கலையும் எதிர்கொண்டார். இரவில் வேலைக்குப் போகவேண்டியவர்களுக்கு முகத்திரையும் கையுறையும் தரப்பட்டன.

மனிதர் பழக்கத்தை மாற்றினால் கொசு வாளாயிருக்குமா? பசிபிக் கடலிலுள்ள சாலமன் தீவுகளில் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.டி. தெளித்தார்கள். அங்குள்ள அனாபிலிஸ் பராட்டி என்னும் கொசு, முன்பு இரவு முழுவதும் வீட்டுக்குள்ளும் வெளியிலும் கடித்துவந்தது. மருந்து தெளித்த பின், உள்ளே நுழைந்தவை மடிந்தன. முன்னிரவில் வெளியிலேயே கடிப்பவை பிழைத்துப் பெருகின. மக்கள் சமைத்து, உண்டு, முற்றத்தில் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. அவர்களுடைய கொசுவலை வீட்டுக்குள் பாயின்மேல் தொங்கிக் கொண்டிருக்கும்.