விவசாயத்தில் ஐசோடோப்புகள்: கதிரியக்கத் தனிமங்கள் நம் வயலுக்கு என்ன செய்கின்றன?

கதிரியக்கம் என்றதும் கல்பாக்கமும் கூடங்குளமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் நீங்கள் பயிரிடும் பாகல், நிலக்கடலை, மஞ்சள் ஆகியவற்றின் சில ரகங்கள் கதிர் பாய்ச்சி உருவாக்கப்பட்டவை. யூரியாவை எப்போது போட வேண்டும், தென்னைக்கு உரத்தை எங்கே போட வேண்டும் என்று நீங்கள் கேட்டறிந்த ஆலோசனைகளுக்குப் பின்னாலும் ஐசோடோப்பு ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் விவசாயிகளுக்குத் தேவையானதை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஐசோடோப்பு என்றால் என்ன?

ஒரே ரக நெல்லில் சில மணிகள் சற்று கனமாகவும் சில மணிகள் லேசாகவும் இருக்கும். பொங்கினால் எல்லாம் ஒரே சோறுதான். தனிமங்களும் இப்படித்தான். ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாவற்றிலும் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறலாம். அப்படி எடை மாறிய அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். செடி இவற்றைப் பெரிதாக வேறுபடுத்திப் பார்ப்பதில்லை, ஒன்றுபோலவே உறிஞ்சிக்கொள்ளும்.

சில ஐசோடோப்புகள் நிலையானவை. சில நிலையற்றவை, கதிரை வெளியிட்டு வேறு அணுவாக மாறிவிடும். பாதி அணுக்கள் மாற எடுக்கும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். மணிச்சத்தின் கதிரியக்க வடிவமான பாஸ்பரஸ்-32க்கு இது சுமார் 14 நாட்கள். கோபால்ட்-60க்கு ஐந்தே கால் ஆண்டுகள். கார்பன்-14க்கு 5,730 ஆண்டுகள்.

இயற்கையிலும் கதிரியக்கம் உண்டு. சாம்பல் சத்தில் பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகையாக இருக்கும். எனவே உங்கள் வீட்டுப் பொட்டாஷ் மூட்டை, வாழைப்பழம், நம் உடம்பு எல்லாவற்றிலும் சிறிதளவு கதிரியக்கம் இருக்கிறது. இதற்காக யாரும் பொட்டாஷ் போடுவதை நிறுத்த வேண்டியதில்லை.

கதிர் பாய்ச்சி உருவான ரகங்கள்

விதையின் மீது காமா கதிரையோ எக்ஸ் கதிரையோ அளவாகப் பாய்ச்சினால் அதன் மரபுப் பண்புகளில் அங்கங்கே மாற்றம் ஏற்படும். இதைத் திடீர் மாற்றம் என்கிறோம். பெரும்பாலான மாற்றங்கள் பயனற்றவை; பல செடிகள் குட்டையாகும், மலடாகும். ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு ரகம் வெளிவரப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இப்படி வந்தவற்றில் மதுரையில் உருவான எம்.டி.யூ.1 பாகல் ஒன்று. எம்.சி.103 என்ற உள்ளூர் வகையில் காமா கதிர் பாய்ச்சித் தேர்ந்தெடுக்கப்பட்டது. மஞ்சளில் கோ 1, பி.எஸ்.ஆர்.1 ஆகிய இரண்டும் ஈரோடு உள்ளூர் மஞ்சளில் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பெறப்பட்டவை. (எக்ஸ் கதிர் கருவியிலிருந்து வருவது, ஐசோடோப்பிலிருந்து அல்ல. வேலை ஒன்றுதான் என்பதால் இங்கே சேர்த்திருக்கிறோம்.) மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டி.ஏ.ஜி.24 நிலக்கடலை, கதிர் மூலம் கிடைத்த செடிகளின் வழிவந்தவற்றை ஒட்டுச் சேர்த்து உருவானது. ஆமணக்கில் அருணா என்ற ரகம் இன்னும் வியப்பானது: நியூட்ரான் கதிர் பாய்ச்சியதில், சுமார் 270 நாள் வயதுடைய பயிர் 120 நாளில் அறுவடைக்கு வந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் குழு டெல்லியில் இதே முறையில்தான், சிவப்பு மணி கொண்ட மெக்சிகோ கோதுமையை நம் மக்கள் விரும்பும் பொன்னிற மணியாக மாற்றி, 1967இல் சர்பதி சொனோரா என்று வெளியிட்டது.

இந்த ரகங்களின் விளைச்சலில் கதிரியக்கம் இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். இருக்காது. கதிர் பாய்ந்தது பல தலைமுறைகளுக்கு முன்னால் இருந்த விதையில். அந்த விதையிலும் கதிர் தங்கவில்லை. இவை வீரிய ஒட்டு ரகங்களும் அல்ல. பாகல், நிலக்கடலை போன்றவற்றில் நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்து விதையை நீங்களே எடுத்து வைக்கலாம். பாகலில் மட்டும் அருகே வேறு பாகல் ரகம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தேனீக்கள் கலப்புச் செய்துவிடும்.

வெங்காயம் முளைக்காமல் காக்கும் கோபால்ட்-60

விவசாயிகள் அதிகம் விசாரிப்பது இதைத்தான். சாதாரண கோபால்ட்டை அணு உலைக்குள் வைத்தால் அது ஒரு நியூட்ரானை ஏற்று கோபால்ட்-60 ஆகிறது. அதை எஃகு உறைக்குள் அடைத்து, தடித்த கான்கிரீட் அறைக்குள் வைத்திருப்பார்கள். வேலை இல்லாத நேரத்தில் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். வெங்காயப் பெட்டிகள் அந்த அறைக்குள் சென்று கதிரை வாங்கிக்கொண்டு வெளியே வரும். வெங்காயம் கோபால்ட்டைத் தொடுவதே இல்லை. கை எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்த பிறகு கையில் கதிர் தங்குவதில்லை அல்லவா, அதுபோலத்தான். கோபால்ட்-60இன் காமா கதிருக்கு, உணவில் உள்ள அணுக்களைக் கதிரியக்கமாக மாற்றும் அளவுக்கு ஆற்றல் கிடையாது.

மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டம் லாசல்காவில் இதற்கென ஒரு நிலையம் 2002 முதல் இயங்குகிறது. நம் நாட்டில் வெங்காயம், உருளைக்கிழங்கு, நறுமணப் பொருட்களுக்கு 1994இல் அனுமதி வந்தது. வெங்காயத்துக்குத் தேவை 60 முதல் 90 கிரே வரை மட்டுமே. கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூளில் உள்ள பூஞ்சையையும் நுண்ணுயிரிகளையும் அழிக்க இதைவிடப் பல மடங்கு, அதாவது ஆயிரக்கணக்கான கிரே தேவைப்படும். மாம்பழத்துக்கு 400 கிரே. கொட்டைக்குள் இருக்கும் வண்டு இனம் பெருக்க முடியாமல் போவதால், 2007 முதல் அமெரிக்கா நம் மாம்பழத்தை இந்த முறையில் ஏற்றுக்கொள்கிறது.

இனி கவனிக்க வேண்டியவை. இந்தக் கதிர் முளைப்பை மட்டுமே நிறுத்தும், அழுகலை நிறுத்தாது. காயம்பட்ட, கழுத்து காயாத வெங்காயத்துக்குக் கதிர் பாய்ச்சினாலும் அது அழுகத்தான் செய்யும். அறுவடை செய்து நன்றாக உலர்த்திய சில வாரங்களுக்குள் பாய்ச்ச வேண்டும். உறக்க காலம் முடிந்து உள்ளே குருத்து கிளம்பிவிட்டால் பயன் குறைவு. நீண்ட நாள் சாதாரண வெப்பத்தில் வைத்தால் உள்குருத்து பழுப்பாகலாம், அதனால் குளிர்ச்சியான கிடங்கு இருந்தால் நல்லது.

மிக முக்கியமாக, விதைக்கான வெங்காயத்துக்கு இதைச் செய்யவே கூடாது. நட்டால் முளைக்காது. சின்ன வெங்காயத்தை நாம் காயாகவே நடுகிறோம் என்பதால், விதைக்காக வெளியூரிலிருந்து வாங்கும்போது அது கதிர் பாய்ச்சிய சரக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விதை உருளை, விதை இஞ்சி, விதை மஞ்சளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கதிர் பாய்ச்சிய உணவுப் பொட்டலத்தில் அதற்கான பச்சை நிற முத்திரை இருக்க வேண்டும்.

ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர் வண்டி வாடகை கொடுத்துத் தொலைவில் உள்ள நிலையத்துக்குக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது என்பதே எங்கள் கருத்து. காற்றோட்டமான பட்டறையை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து லாரிக் கணக்கில் ஏற்றுமதி செய்பவர்கள் யோசிக்கலாம்.

உரம் எங்கே போகிறது?

போட்ட உரத்தில் எவ்வளவு பயிருக்குச் சேர்ந்தது என்று கண்ணால் பார்க்க முடியாது. உரத்தில் சிறிதளவு அடையாள ஐசோடோப்பைக் கலந்துவிட்டால், செடியில் இருக்கும் சத்து மண்ணிலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

தழைச்சத்துக்குப் பயன்படுவது நைட்ரஜன்-15. இது கதிரியக்கமே இல்லாத நிலையான ஐசோடோப்பு, எடை மட்டும் கூடுதல். நெல் வயலில் தேங்கிய தண்ணீரின் மேல் தூவிய யூரியாவில் பாதிக்கும் குறைவாகவே பயிருக்குப் போகிறது, பெரும்பகுதி அம்மோனியா வாயுவாகவும் வேறு வழிகளிலும் இழப்பாகிறது என்று இந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றில் யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடுங்கள். ஒரு நாள் கழித்து நீர் கட்டுங்கள்.

மணிச்சத்துக்கு பாஸ்பரஸ்-32. மணிச்சத்து போட்ட இடத்திலிருந்து சில சென்டிமீட்டர்கூட நகராமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அதை அடியுரமாக வேர் படும் ஆழத்தில் இடச் சொல்கிறோம். கேரளத்தில் தென்னையில் இதைக் கொண்டு ஆராய்ந்தபோது, சுறுசுறுப்பான வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருப்பது தெரிந்தது. எனவே தூரை ஒட்டிக் கொட்டாமல், 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தி முழுவதும் பரவலாக இட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள்.

நிலத்தடி நீரின் வயது

டிரிட்டியம் என்பது நீரிலேயே உள்ள ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்று மேல். மழைநீர் ஆண்டுக்கு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை இதைக் கொண்டு அளக்கிறார்கள். மிகப் பழைய நீருக்குக் கார்பன்-14. நெய்வேலிப் பகுதியின் ஆழமான நீர்த்தாங்கிகளில் பார்த்தபோது, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் நீர் அங்கே இருப்பது தெரிந்தது. அத்தகைய நீரை ஆழ்துளைக் கிணறு வைத்து இறைத்துவிட்டால், அடுத்த ஐப்பசி மழையில் அது திரும்ப நிரம்பிவிடாது.

ஈயை வைத்தே ஈயை ஒழித்த கதை

அமெரிக்கக் கண்டத்தில் மாடுகளின் காயத்தில் முட்டையிட்டு, உயிருள்ள சதையைத் தின்னும் புழுக்களை உண்டாக்கும் ஒரு வகை ஈ பெரும் தொல்லையாக இருந்தது. அந்தப் பெண் ஈ வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் இணை சேரும். எட்வர்ட் நிப்ளிங் என்ற அறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆய்வகத்தில் வளர்த்த கூட்டுப்புழுக்களுக்குக் காமா கதிர் பாய்ச்சி மலடாக்கி, அந்த ஈக்களை வானூர்தியிலிருந்து தொடர்ந்து விட்டார்கள். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரியாது. 1954இல் குராசோ தீவில் சில மாதங்களிலேயே அந்த ஈ ஒழிந்தது. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் பூசணி வகைகளைத் தாக்கும் பழ ஈயை இதே முறையில் 1993இல் முற்றிலும் ஒழித்தார்கள். இது தனி ஒருவர் தன் தோட்டத்தில் செய்யக்கூடியதல்ல. ஒரு வட்டாரம் முழுவதும் சேர்ந்து செய்தால்தான் பலிக்கும். நம் பாகல், புடலைத் தோட்டங்களுக்கு இப்போதைக்கு இனக்கவர்ச்சிப் பொறியே வழி.

மருத்துவத்தில் தைராய்டுக்கு அயோடின்-131, புற்றுநோய்க்குக் கோபால்ட்-60 என்று பயன்படுவது நீங்கள் அறிந்ததே.

எச்சரிக்கை

உணவில் கதிர் தங்காது என்பதால் கதிர் மூலப் பொருளும் ஆபத்தற்றது என்று எண்ணிவிடாதீர்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில், பழைய ஆய்வகக் கருவி ஒன்று ஏலத்தில் இரும்புக் கடைக்கு வந்தது. உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் அதை உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். பழைய ஆலை, மருத்துவமனைச் சாமான்களை ஏலத்தில் எடுக்கும்போது, மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறி போன்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியோ, உருளையோ இருந்தால் உடைக்கவோ, வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ வேண்டாம். தள்ளி நின்று, பிள்ளைகளை அருகே விடாமல், உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.