மூட்டைப் புத்தகமும் ஐந்து பவுண்டுக் கடனும்

லண்டன் புத்தக வியாபாரி ஜேம்ஸ் லாக்கிங்டன் (1746-1815) 1791இல் வெளியிட்ட தன்வரலாற்றைச் சுயமுயற்சியால் உயர்ந்த மனிதனின் கதையாகத்தான் பலரும் வாசித்து வந்திருக்கிறார்கள். அப்படி வாசிக்கத் தோதாகத்தான் அவரும் எழுதி வைத்திருக்கிறார். சாமர்செட் பகுதியில் குடிகாரச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் பதினோரு பிள்ளைகளில் மூத்தவர். பத்து வயதில் தெருவில் கூவிப் பலகாரம் விற்றவர். 1773இல் லண்டன் வந்து சேர்ந்தபோது கையில் அரை கிரவுன் காசு. அடுத்த ஆண்டே ஃபெதர்ஸ்டோன் தெருவில் சின்னதாக ஒரு கடை பிடித்து, செருப்புக்கும் தோல் துண்டுகளுக்கும் பக்கத்தில் ஒரு மூட்டைப் பழைய புத்தகங்களைப் பரப்பினார். இருபதாண்டில் ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் 'கலைத்தேவியரின் கோயில்' என்ற பிரம்மாண்டமான கடை. கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சாமான் வாங்கப் போனவர், இருந்த காசுக்கு எட்வர்ட் யங்கின் 'இரவுச் சிந்தனைகள்' நூலை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியதாக ஒரு சம்பவமும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பட்டினி கிடந்த மனைவி என்ன நினைத்தாள் என்பதையும் கணவரின் வாய்வழியாகத்தான் நாம் கேட்கிறோம்.

இந்தக் கதையாடல் எதையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது என்பதே என் கேள்வி.

முதலில் அந்தக் கடன். மூட்டையை மட்டும் வைத்துக் கடை நடக்கவில்லை. ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் சபையினர் தங்கள் ஏழை உறுப்பினர்களுக்கென்று வைத்திருந்த நிதியிலிருந்து அவருக்கு ஐந்து பவுண்டு கிடைத்தது, வட்டியில்லாமல். ஆறு மாதத்தில் கடைச் சரக்கின் மதிப்பு ஐந்து பவுண்டிலிருந்து இருபத்தைந்து பவுண்டாயிற்று. அவருக்கு வாசிக்கும் ஆசை வந்ததும் மெதடிஸ்டுகளின் வேத விவாதங்களைக் கேட்டுத்தான். தொழில் பழகப் போன வீட்டுப் பையனுக்கு வாரக் காசு கொடுத்து எழுத்துக்கூட்டக் கற்றார். இரண்டாவது மனைவி டார்க்கஸ் புத்தகப் பைத்தியம். அவள் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டதால்தான் அவரால் வெளியே போய்ச் சரக்குப் பிடிக்க முடிந்தது. 'தனிமனிதன்' என்று ஒருவரைச் சொல்லும்போது இத்தனை பேர் அதற்குள் மறைகிறார்கள்.

1774 என்ற ஆண்டும் தற்செயல் இல்லை. அந்த பிப்ரவரியில்தான் பதிப்புரிமை நிரந்தரமானதல்ல என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பழைய ஆசிரியர்களைச் சில பெரிய வியாபாரிகள் மட்டுமே அச்சிடலாம் என்றிருந்த பிடி தளர்ந்தது. ஜான் பெல் போன்றவர்கள் கவிஞர்களை மலிவுத் தொகுதிகளாகப் போட்டார்கள். தீர்ப்பு லாக்கிங்டனை உண்டாக்கியது என்று சொல்ல வரவில்லை. மலிவான புத்தகத்துக்கு ஒரு சந்தை திறந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் கடை போட்டார் என்கிறேன்.

1780இல் அவர் எடுத்த முடிவுதான் விசேஷம்: யாருக்கும் கடன் இல்லை, பிரபுவானாலும் சரி. கனவான்கள் ஆறு மாதம், ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று கணக்கை இழுத்தடிப்பார்கள்; சிலர் கொடுப்பதேயில்லை. (கடைகளில் போட்ட பிரதிக்குக் காசு வரும் வேகம் சிறுபத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாததா!) ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசி விலையை எழுதி வைத்தார், பேரமே கிடையாது. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் 'இன்று ரொக்கம், நாளை கடன்' அட்டை போலத்தான். ஆனால் அங்கே கடன் என்பது அந்தஸ்தின் சலுகை. ரொக்கம் கேட்டதும் பிரபுவும் தையல்காரனும் ஒரே கவுண்டரில் நிற்க வேண்டியதாயிற்று. வட்டியில்லாக் கடனில் தொடங்கியவர் கடனை ஒழித்துப் பணக்காரரானார் என்பதில் உள்ள வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும்.

இதைவிட முக்கியமானது மிச்சப் பிரதிகள் விவகாரம். வியாபாரிகளுக்கு மட்டுமான ஏலங்களில் விற்காத பிரதிகளை மொத்தமாக வாங்குபவர்கள் அதில் பாதியை, சில சமயம் முக்கால் பங்கை அழித்துவிட்டு மீதியை முழு விலைக்கு விற்பது அன்றைய வழக்கம். புத்தகத்தை எரிப்பது மதத் தலைவர்களும் அரசர்களும் மட்டும் செய்த காரியமல்ல; விலையைக் காப்பாற்ற வியாபாரமும் அதைச் சத்தமில்லாமல் செய்தது. தணிக்கை வரலாறு எழுதுபவர்கள் இந்த அழிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. லாக்கிங்டன் அழிக்காமல் எல்லாவற்றையும் பாதி விலைக்கும் கால் விலைக்கும் தள்ளினார். மற்ற வியாபாரிகள் கொதித்துப்போய் அவரை ஏலங்களிலிருந்து ஒதுக்கப் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பதாக 1791இல் அவரே எழுதுகிறார். தம்பட்டம் கலந்த கணக்குதான். ஆனாலும் வாங்குகிறவர்கள் இருந்தார்கள் என்பது நிச்சயம். வாசகன் இல்லை என்ற புலம்பலுக்குப் பின்னால் விலை இருந்திருக்கிறது.

தன்வரலாற்றில் அவர் மெதடிஸ்டுகளைப் பக்கம் பக்கமாகக் கேலி செய்தார். 1798இல் தொழிலிலிருந்து விலகியபின் பழைய நம்பிக்கைக்கே திரும்பி, 1804இல் தம் கேலிக்கு வருந்தி இன்னொரு புத்தகம் எழுதினார். சபைக்குக் கோயில்களும் கட்டிக் கொடுத்தார். இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது முதல் புத்தகத்தைத்தான்.